மனநல வார்டில் கை ஓங்கும்போது: காவலாளியா, கட்டா, ஊசியா, பேச்சா?

என் இடது புருவத்துக்கு மேல் நான்கு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு பட்ட இடம் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்தில், இரவு எட்டு மணி கடந்து பத்து நிமிடம் இருக்கும். நீலகிரியில் 20 படுக்கைகள் கொண்ட மனநல வார்டு ஒன்றில் செவிலியராக வேலை பார்க்கிறேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அடித்தவன் கூடலூர்ப் பக்கத்து இளைஞன். எதற்காக அடித்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் வார்டு உதவியாளர் ஒருவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. உடனே கூட்டம் கூடியது. ஆளுக்கொரு வழி சொன்னார்கள். காவலாளி போடலாம், நோயாளியை அடைத்து வைக்கத் தனி அறை கட்டலாம், அமைதிப்படுத்தும் ஊசியைச் சீக்கிரமே போட்டுவிடலாம், போலீசில் புகார் கொடுக்கலாம், முரண்டு பிடிக்கும் நோயாளிகளைக் கோவைக்கு அனுப்பிவிடலாம், பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். இந்த ஆண்டு ஒரே ஒரு பெரிய மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது, எது என்று செவிலியர்களே எழுதிக் கொடுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தக் குறிப்புக்காகப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே விரித்து எழுதுகிறேன். எங்களைப் போன்ற சிறிய வார்டுகள் வேறு ஊர்களிலும் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனநோயாளி என்றாலே அடிப்பார் என்பது ஊர்ப்பேச்சு. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வசதி படைத்த நாடுகளின் தீவிர மனநல வார்டுகளில் நடந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது; ஏறத்தாழ 24,000 நோயாளிகள். அவர்களில் ஒருமுறையாவது வன்முறையில் இறங்கியவர்கள் சுமார் 17 விழுக்காடு. நோய் முற்றி, பலர் விருப்பமின்றிச் சேர்க்கப்பட்டிருக்கும் வார்டுகளிலேயே நூற்றில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் யார் மீதும் கை வைக்கவில்லை. நாங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் சுமை அந்த எண்பது பேர் மீதும் விழும். பூட்டு எல்லோருக்கும் பூட்டுத்தான்.

கூட்டத்தில் அதிகக் கைகள் உயர்ந்தது காவலாளிக்குத்தான். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. நள்ளிரவில் இரண்டு செவிலியர், ஓர் உதவியாளர் என்று இருக்கும்போது வாசலில் திடகாத்திரமான ஓர் ஆள் நின்றால் தெம்புதான். குடித்துவிட்டு வந்து தகராறு செய்யும் உறவினர்களைச் சமாளிக்க மருத்துவமனை வாசலில் அப்படி ஒருவர் அவசியமும்கூட. வார்டுக்குள் நிலைமை வேறு. தன்னைப் பிடித்துக்கொண்டு போக யாரோ வருகிறார்கள் என்று நான்கு நாட்களாக நம்பிக்கொண்டிருக்கும் மனிதரின் கட்டிலருகே காக்கிச் சட்டையும் லத்தியும் வந்து நின்றால், அவருடைய பயத்துக்கு நாமே சாட்சி கொடுத்தது போல் ஆகிவிடுகிறது. மலைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே ஏஜென்சி அனுப்பும் காவலாளி பக்கத்து ஹட்டிக்காரராக, அதாவது படுகர் ஊர்க்காரராக இருப்பார்; இல்லையென்றால் அதே எஸ்டேட் லைனில் குடியிருப்பவராக இருப்பார். யார் உள்ளே இருக்கிறார், எப்படிக் கத்தினார் என்பது மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்பதற்காகவே சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களை எனக்குத் தெரியும். இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு காவலாளி வேண்டுமென்றால் மூன்று ஷிப்ட்டுக்கு மூன்று பேர், வார விடுப்புக்கு இன்னொருவர். அவர்களில் ஒருவருக்கும் நாடி பார்க்கத் தெரியாது.

தனி அறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதே இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, நோயாளியைத் தனிமைச் சிறை போல் அடைத்து வைப்பதைத் தடை செய்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. கட்டலாம் என்று சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனாலும் முடியாது.

கட்டிப்போடுவதைச் சட்டம் முழுவதும் விலக்கவில்லை. சங்கிலிக்கு எந்த வடிவிலும் இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு தீயில் கருகிய 28 பேரை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. துணிப்பட்டையால் கட்டுவதற்கும் நிபந்தனைகள் கடுமையானவை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிகிச்சை தரும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்கு ஒரு நிமிடமும் கூடாமல் கட்ட வேண்டும். எப்படி, எதற்காக, எவ்வளவு நேரம் என்று உடனே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். மாதம்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக்கூடாது. இந்தக் கடைசி வரியை எங்கள் வார்டுச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. இரவில் கட்டு விழுவதன் உண்மையான காரணம் பெரும்பாலும் ஆள் இல்லாததுதான்.

குளிர்காலத்தில் கட்டு என்றால் என்ன என்பதை ஒருமுறை பார்த்தேன். உறைபனி விழும் தை மாத இரவு. கட்டப்பட்டிருந்த பெரியவரின் கம்பளி நழுவிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்திருந்தது. எடுத்துப் போர்த்திக்கொள்ளக் கை வரவில்லை. ஏற்கெனவே ஒரு மணி நேரம் கத்தியிருந்ததால் மறுபடி கத்த அவருக்குத் துணிவும் இல்லை. நான் போகும்போது விரல் நுனிகள் ஊதா நிறத்தில் இருந்தன; என் கையைப் பிடித்து, 'இனிமேல் செய்ய மாட்டேன் சிஸ்டர்' என்றார். எழுபது வயதிருக்கும். கட்ட வேண்டிய வேளை வந்தால் இப்போது எங்களுக்குள் சில விதிகள் வைத்திருக்கிறோம். குப்புறப் படுக்க வைப்பதில்லை, மூச்சு முட்டிவிடும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். ஒரு செவிலியர் கட்டிலருகிலேயே உட்கார்ந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சையும் விரல் நிறத்தையும் பார்த்து எழுத வேண்டும். முதலில் அவிழ்ப்பது ஒரு கை. கம்பளி இரண்டு.

ஊசியைப் பற்றித்தான் கூட்டத்தில் அதிகக் குழப்பம் இருந்தது. இது நம் ஊரிலேயே நன்றாக ஆராயப்பட்ட விஷயம் என்பது பலருக்குத் தெரியவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 200 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்குப் பதற்றம் தணிக்கும் லோராசிபாம், மறு பாதிக்கு மனப்பிறழ்வு மருந்தான ஹாலோபெரிடாலும் தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தான புரோமெத்தசினும் சேர்த்து. நான்கு மணி நேரத்தில் இரு குழுவிலும் 96 விழுக்காட்டினர் அமைதியாகவோ தூங்கியோ இருந்தார்கள். தூங்கியவர்கள் கூட்டு ஊசியில் 76 விழுக்காடு, லோராசிபாமில் 45. அங்கேயே 300 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2007இல் வந்தது. இன்னொரு மனப்பிறழ்வு மருந்தான ஓலன்சபின் ஊசி பெற்றவர்களில் 43 விழுக்காட்டினருக்கு நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி மருந்து தேவைப்பட்டது. கூட்டு ஊசியில் 21 விழுக்காட்டினருக்குத்தான். அதே ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து வந்த ஆய்வில், ஹாலோபெரிடாலைத் தனியாகப் பெற்றவர்களில் பத்துப் பேருக்குக் கழுத்தும் நாக்கும் இழுத்துக்கொள்ளும் தசைப்பிடிப்பு வந்தது. புரோமெத்தசின் சேர்த்த குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. ஆக, ஊசி வேலை செய்கிறது. விலையும் குறைவு. அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் அதற்கு மாற்று கிடையாது. எங்கள் மருந்தலமாரியில் அது என்றும் இருக்க வேண்டும்.

ஆனால் யாருக்கு எந்த ஊசி என்பதில்தான் மலை வார்டு வழுக்குகிறது. உதவியாளரின் மணிக்கட்டு முறிந்த கதையைக் கேளுங்கள். நோயாளி எஸ்டேட் தொழிலாளி, ஐம்பதை நெருங்கும் வயது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டார் கொண்டுவந்து விட்டார்கள். பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர். காய்ச்சல் வந்து படுத்ததால் குடி நின்று அன்றைக்கு மூன்றாம் நாள். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. மாலையிலிருந்து சுவரில் அட்டைகள் ஏறுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்கியவர்களுக்கு அட்டை எவ்வளவு நிஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு உதவியாளர் தண்ணீர் கொடுக்கக் கையை நீட்டினார். அந்தக் கையில் அட்டை மொய்த்திருப்பதைப் பார்த்த நோயாளி, பிடித்து முறுக்கிப் பிடுங்கப் பார்த்தார். அவர் அடிக்கவே இல்லை. காப்பாற்றப் பார்த்தார். பதிவேட்டில் 'நோயாளி தாக்கினார்' என்று எழுதிவிட்டு வழக்கமான ஹாலோபெரிடாலைப் போட்டுவிட்டோம்.

குடி நின்ற இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை வரும் அந்த மயக்கக் குழப்பத்துக்கு முதல் மருந்து லோராசிபாம், டயசிபாம் போன்ற வகை. கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. ஹாலோபெரிடால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டிவிடும். கடைசியாக எப்போது குடித்தார் என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கும்போதே கேட்டிருந்தால் முதல் நாள் மாலையிலேயே மாத்திரை தொடங்கியிருக்கும், மணிக்கட்டும் தப்பியிருக்கும். குறைந்த சர்க்கரை, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று என்று ஆளை முரடாக்கும் காரணங்கள் பல உண்டு. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்துக்கு முன் யாரையும் முரடர் என்று எழுதக்கூடாது என்பது இப்போது என் பிடிவாதம்.

போலீஸ் புகாரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு எதிராகத் தமிழகத்தில் 2008ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அடிபட்ட பணியாளருக்குப் புகார் கொடுக்கும் உரிமை உண்டு, அதை நிர்வாகம் தடுக்கக்கூடாது. தெளிந்த புத்தியோடு திட்டமிட்டு அடிப்பவருக்கும், நோயாளியோடு வந்து மேசையைத் தள்ளிவிடும் உறவினருக்கும் அது பொருந்தும். தான் செய்வது என்னவென்றோ தவறென்றோ அறிய முடியாத மனநிலையில் செய்த செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அட்டை பிடுங்கியவர் மீது வழக்குப் போட்டு என்ன கிடைக்கும்? வழக்குக்குப் பயந்து குடும்பம் அவரை வார்டிலேயே விட்டுவிட்டுப் போகும். அப்படி விடப்பட்டவர்கள் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

கீழே அனுப்புவது கேட்பதற்கு எளிது. ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊசி போட்டு அரைமயக்கத்தில் மல்லாந்து கிடப்பவர் வளைவில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகும். அதைத் தடுக்க ஒரு செவிலியர் கூடவே போக வேண்டும், போனால் வார்டில் அந்த இரவு ஓர் ஆள் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவு வந்தால் சாலையே இருக்காது. 2009 நவம்பரில் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோம். தலைக்காயம் போல இங்கே பார்க்க முடியாத உடல்நோய் இருந்தால் அனுப்பத்தான் வேண்டும். தொல்லை தாங்கவில்லை என்பதற்காக அனுப்பினால், அவருடைய அம்மா வாரம் ஒருமுறை பார்க்க வருவதும் நின்றுவிடும்.

கடைசியாக, பேச்சும் பயிற்சியும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். 'அடிக்க வருகிறவனிடம் என்ன பேசுவது அக்கா?' என்று இளைய செவிலியர் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஒருநாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் அடிதடி குறைந்துவிடும் என்று நானும் நம்பவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2020இல் வந்தது; அதுவும் அதைத்தான் சொல்கிறது: பயிற்சி, பணியாளர்களின் அறிவையும் மனப்போக்கையும் கொஞ்சம் மாற்றலாம், தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் பயிற்சி வேறு, வார்டின் அன்றாட ஒழுங்கை மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நார்வேயில் உருவான புரோசெட் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஆறே ஆறு அறிகுறிகள்: குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், உடலால் மிரட்டுவது, வாயால் மிரட்டுவது, பொருட்களைத் தாக்குவது. இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். இயல்பிலேயே சத்தமாகப் பேசும் ஒருவருக்கு வழக்கத்தைவிடக் கூடினால் மட்டுமே மதிப்பெண். மூன்றைத் தொட்டால் உடனே எதையாவது செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்தில் 14 வார்டுகள் பங்கேற்ற ஆய்வில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் மூன்று நாட்கள் நாளுக்கு இருமுறை இதை எழுதினார்கள். 2008இல் வந்த முடிவு: கடுமையான தாக்குதல்கள் 41 விழுக்காடு குறைந்தன, கட்டாய நடவடிக்கைகள் 27 விழுக்காடு குறைந்தன. எழுத ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

இன்னொன்று, லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு உருவாக்கிய சேஃப்வார்ட்ஸ் முறை. 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். மோதல்கள் 15 விழுக்காடும், கட்டுதல், அடைத்தல், கட்டாய ஊசி போன்றவை 26 விழுக்காடும் குறைந்தன. அதிலிருக்கும் பத்து மாற்றங்களையும் படித்தால் நம் பாட்டிகள் சொன்னது போலவே இருக்கும். கெட்ட செய்தியை எதிர்பாராத நேரத்தில் போட்டு உடைக்காதே, இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் எப்படிச் சொல்வது என்று யோசி, ஒரு சம்பவம் நடந்த பிறகு அதைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கும் மற்ற நோயாளிகளிடம் போய் உட்கார்.

மலையில் இதற்கு இன்னொரு பரிமாணம் சேர்கிறது, மொழி. எங்கள் வார்டில் தமிழ், படுகர்களின் படுகு, மலையாளம், பணியர் பழங்குடியினரின் பேச்சு எல்லாம் கலந்து கேட்கும். ஒரு ஜனவரியில் படுகர் பாட்டி ஒருவர், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவை உதைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் தமிழில் சமாதானம் சொல்லச் சொல்ல உதை பலமானது. தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவரருகில் தரையில் உட்கார்ந்தார். படுகு மொழியில் ஏதோ கேட்டார். பாட்டி பதில் சொன்னார். பிறகு இருவரும் அந்த ஆண்டுப் பண்டிகைக்கு யார் யார் வந்திருப்பார்கள் என்று அரை மணி நேரம் பேசினார்கள். அன்றைக்கு ஊசி தேவைப்படவில்லை. அந்த அம்மாவுக்கு எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் பெயர் இல்லை. இனிமேல் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

இனி என் புருவத்துக்கு வருகிறேன். அந்த இளைஞன் மாலை ஆறு மணிக்கு அம்மாவுக்கு போன் செய்ய வேண்டும் என்று கேட்டான். 'பிறகு' என்றார் பகல் பணிச் செவிலியர்; அவர் பணி மாற்றக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஏழரைக்கு மறுபடி கேட்டான். உதவியாளரும் 'பிறகு' என்றார், சாப்பாட்டு வண்டி வந்திருந்தது. அப்போது அவன் கதவை அறைந்து சாத்தினான். எல்லோரும் கேட்டோம், யாரும் எழுதவில்லை. மூன்றாவது முறை என்னிடம் கேட்டான். மாத்திரைத் தட்டு என் கையில் இருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன். பிறகு அந்தப் புரோசெட் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மணிக்கு எரிச்சல், ஒன்று. அறைக்குள் சத்தம் போட்டபடி நடந்தது, இரண்டு. கதவு, மூன்று. டம்ளர் என் நெற்றிக்கு வர நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

காவலாளி, கட்டு, ஊசி, புகார் ஆகிய எல்லாமே அந்த நாற்பது நிமிடம் முடிந்த பிறகு தொடங்குபவை. அதனால் என் பரிந்துரை இரவுக்கு இன்னொரு செவிலியர். இரண்டு பேர் மூவர் ஆனால், மாத்திரைத் தட்டு ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் நிமிர்ந்து பார்க்கலாம். நான்கு காவலாளிகளின் சம்பளத்துக்குள் இது முடியும் என்று கணக்குப் போட்டுத் தந்திருக்கிறேன். அதோடு புரோசெட் பட்டியலை ஒவ்வொரு பணி மாற்றத்திலும் இருவர் சேர்ந்து எழுத வேண்டும்; சேர்க்கைத் தாளில் கடைசிக் குடியின் நாளும் நேரமும் இருக்க வேண்டும்; யாருக்கு எந்த ஊசி என்று எழுதப்பட்ட வரிசை ஒன்று மருந்தலமாரிக் கதவில் இருக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. கூட்டத்தில் பலர் கேட்ட காவலாளி வெளிவாசலில் இருக்கட்டும், வார்டுக் கதவைத் தாண்ட வேண்டாம்.

அடிபட்ட பணியாளருக்குச் சம்பளத்தோடு விடுப்பும் சிகிச்சைச் செலவும் தர வேண்டும் என்று தனிப் பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். எனக்குத் தையல் போட்ட மறுநாள் காலையில் என்னிடம் வந்த முதல் கேள்வி, 'நீ அவனிடம் என்ன சொன்னாய்?' என்பது. அந்தக் கேள்வியைக் கேட்கலாம்தான், ஆனால் டீ கொடுத்து உட்கார வைத்த பிறகு, இரண்டு நாள் கழித்து. உதவியாளர் அண்ணன் கட்டுப் போட்ட கையோடு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார், தினக்கூலி போய்விடும் என்று.

குறிப்பில் முதல் வரியாக எழுதியிருப்பது ஒரு சின்ன விஷயம். தினமும் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை வார்டு போன் நோயாளிகளுக்கு. அந்த ஒரு மணி நேரமும் அதன் பக்கத்தில் ஒரு செவிலியர் உட்கார்ந்திருப்பார். ஏன் ஆறு மணி, மதியம் கூட்டம் குறைவாக இருக்குமே என்று நிர்வாகி கேட்டார். அந்த இளைஞனின் அம்மா கொழுந்து பறிப்பவர். எடை போட்டுக் கொடுத்துவிட்டு லைன் வீட்டுக்குத் திரும்ப ஆறு மணி ஆகிவிடும்.